வேட்டி அலமாரிக்குள் போன கதை



உங்கள் அலமாரியில் ஒரு வேட்டியாவது இருக்கும். கடைசியாக அதை எப்போது கட்டினீர்கள்? கல்யாணம், பொங்கல், கோயில் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அன்றாட உடை எப்படி விசேஷ உடை ஆனது?

வெள்ளைக்காரர் ஆட்சியில் உத்தியோகத்துக்குப் போன நம்மவர்கள் உடனே வேட்டியை விட்டுவிடவில்லை. அக்காலப் புகைப்படங்களைப் பாருங்கள்: இடுப்பில் வேட்டி, மேலே கோட்டு, தலையில் தலைப்பாகை. பேண்ட் மெதுவாகத்தான் வந்தது.

அதை நிலைக்க வைத்தது அன்றாட அலைச்சல்தான். சைக்கிள் செயினில் வேட்டி சிக்கும். கூட்டமான பஸ்ஸில் அவிழும். பர்ஸ் வைக்கப் பை கிடையாது. வெள்ளை வேட்டிக்குத் தினமும் துவைத்து, நீலம் போட்டு, கஞ்சி போட வேண்டும். பேண்டை இரண்டு மூன்று நாள் போடலாம். நான் வங்கியில் சேர்ந்தபோது வேட்டியில் வரும் மூத்த குமாஸ்தாக்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலிகளில் பேண்ட் போட்ட நாங்கள் உட்கார்ந்தோம். யாரும் உத்தரவு போடவில்லை.

ஆனால் உத்தரவு போட்டுத் தடுத்த இடங்களும் உண்டு. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் இயற்றியது. அதன்படி, வேட்டி கட்டியவரைத் தடுத்தால் கிளப்பின் உரிமம் ரத்தாகும். ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

கதவு திறந்தது, பழக்கம் திரும்பவில்லை. 2019-ல் அரசு ஊழியர்களுக்கான உடை விதியிலும் வேட்டிக்கு இடம் கொடுத்தார்கள். அரசு அலுவலகத்துக்குப் போனால் எத்தனை பேரை வேட்டியில் பார்க்கிறீர்கள்? வசதிக்காக விட்டதைச் சட்டத்தால் மீட்க முடியாது.

அதே சமயம், இடுப்பில் துணி சுற்றும் பழக்கத்தை நாம் விடவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் பேண்டைக் கழற்றிவிட்டு எத்தனை பேர் கைலிக்கு மாறுகிறோம்! நம் ஊர் வெயிலுக்கு அதுதான் சுகம். வீட்டில் சேலைக்குப் பதில் நைட்டி வந்ததும் இதே சுகத்துக்காகத்தான்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2023-ல் கிரேட்டர் நொய்டாவில் நம்மைப் போன்ற ஒரு குடியிருப்போர் சங்கம், லுங்கியிலும் நைட்டியிலும் வளாகத்தில் நடமாட வேண்டாம் என்று சுற்றறிக்கை விட்டது. நாடு முழுதும் பேச்சானது. நம் வளாகத்திலும் கிளப் ஹவுஸுக்கு உடை விதி வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். கண்ணியம் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வேட்டி, கைலி என்று பெயர் சொல்லித் தடுக்கும் விதி மட்டும் வேண்டாம். அந்தக் கிளப் செய்த தவறை நாமும் செய்ய வேண்டுமா?

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்துக்கு நான் வேட்டியில் வருகிறேன். முடிந்தவர்கள் நீங்களும் வாருங்கள்.