பீடி சுற்றும் கைகளும் ஏறாத கூலியும்

மேலப்பாளையத்திலோ கடையநல்லூரிலோ குடியாத்தத்திலோ பிறந்து வளர்ந்தவர்களுக்கு இலை வெட்டும் கத்தரியின் ஓசையை விளக்க வேண்டியதில்லை. ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் மடியில் சொளகை எடுத்து வைத்த உம்மா, இஷாவுக்குப் பிறகும் அதை இறக்கி வைக்காத நாள்கள் உண்டு. நம்மில் எத்தனையோ பேருடைய பள்ளிக் கட்டணமும், அக்காமார்களின் கல்யாணச் செலவும், வாப்பாவின் மருந்தும் அந்தச் சொளகிலிருந்து வந்தவையே. ஆயினும், "அதெல்லாம் ஒரு வேலையா? தொழில் தெரியாத பெண்கள் பொழுதுபோக்காகச் செய்வது" என்று நம் வீட்டு ஆண்களே பேசக் கேட்டிருக்கிறோம்.

திறன் வேண்டாத வேலை, ஆதலால் குறைந்த கூலி. இவ்விளக்கம் எளிமையானது; எல்லோருக்கும் வசதியானதும்கூட. இது எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் பீடித் தொழிலின் வரலாற்றைக் கொண்டே பார்ப்போம்.

முதலில் அந்த வேலையையே சற்று உற்றுநோக்குவோம். காய்ந்து வரும் இலையை நனைத்து, ஈரம் மிகாமலும் குறையாமலும் பதப்படுத்த வேண்டும். தகட்டை மேலே வைத்து, நரம்பு குறுக்கே ஓடாதவாறு வெட்ட வேண்டும். தூளை எடை போடாமல் விரல்களாலேயே அளந்து பரப்பி, ஒரு முனை குறுகியும் மறுமுனை விரிந்தும் நிற்கும்படி சுருட்டி, முனையை மடக்கி, நூல் கட்ட வேண்டும். இத்தனையும் அரை நிமிடத்துக்குள் முடிந்தாக வேண்டும். கைதேர்ந்தவருக்கும் ஆயிரம் பீடி சுற்ற ஒரு பகல் முழுதும் தேவை. புதிதாய் ஒருவர் உட்கார்ந்தால் விற்கத்தக்க பீடியைச் சுற்றவே பல வாரங்கள் பிடிக்கும். இதைத் திறனற்ற வேலை என்று பெயரிட்டவர் எவரும் ஒரு கட்டுக்குரிய 25 பீடியைச் சுற்றிப் பார்த்திருக்கமாட்டார். ஆனால் இந்தத் திறனை எந்தப் பள்ளியும் கற்பிக்கவில்லை. எந்த முதலாளியும் பயிற்சிக்குப் பணம் செலவிடவில்லை. தாய் மகளுக்குக் கற்றுக்கொடுத்தாள். இலவசமாக வந்த திறனுக்குச் சந்தையில் விலை போடுவோர் இல்லை.

தொடக்கத்தில் பீடி வீடுகளுக்குள் இருக்கவில்லை. நகரத்துச் சந்துகளில் இருந்த பட்டறைகளில் ஆண்களும் சிறுவர்களும் தரையில் நெருங்கி அமர்ந்து சுற்றினார்கள். பிரிட்டிஷ் அரசு 1929இல் அமைத்த தொழிலாளர் ஆணையம் 1931இல் தன் அறிக்கையை வெளியிட்டது. விட்லி ஆணையம் என்று அறியப்படும் அது, காற்றும் வெளிச்சமும் இல்லாத பீடிப் பட்டறைகளையும், பெற்றோர் வாங்கிய கடனுக்கு ஈடாக உழைப்பு அடகு வைக்கப்பட்ட பிள்ளைகளையும் பதிவு செய்தது. அதன் விளைவாகவே 1933இல் சிறார் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அடகு வைக்கப்பட்ட பிள்ளையின் கூலி ஏன் குறைவு என்று கேட்டால், பிள்ளைக்குத் திறன் போதவில்லை என்றா பதில் சொல்வோம்? வேறிடம் போக வழியில்லாதவனுடைய உழைப்புக்கு, வாங்குபவன் வைத்ததே விலை.

இந்த உண்மையை ஆள்வோர் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்குச் சாட்சி, மத்திய மாகாணத்தில் 1948இல் இயற்றப்பட்ட ஒரு விந்தையான சட்டம். வேளாண் பருவத்தில் குறிப்பிட்ட கிராமங்களில் எவரும் பீடி சுற்றக்கூடாது என்று தடை விதிக்க மாவட்ட அதிகாரிக்கு அது அதிகாரம் அளித்தது. நோக்கம், வயல்களுக்கு ஆள் கிடைப்பது. பீடியில் சற்றே கூடுதலாகக் கிடைத்தால் மக்கள் வயலுக்கு வரமாட்டார்கள். அவர்களை வரவழைக்க நிலவுடைமையாளர் கூலியை உயர்த்தியிருக்கலாம். அதற்குப் பதிலாகச் சட்டம் மற்றொரு கதவைச் சாத்தியது. சாகர் மாவட்டத்திலிருந்து ஒரு பீடி முதலாளியும் ஒரு தொழிலாளியும் உச்ச நீதிமன்றத்தை நாடினர். 1950 நவம்பரில் அச்சட்டம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. வயலில் இறங்க இயலாத முதியோரும் உடல் குறையுள்ளோரும் வீட்டிலிருந்து பிழைக்கும் வழியையும் இத்தடை பறிக்கிறது என்பதை நீதிபதிகள் எடுத்துக்காட்டினர்.

நம் மாநிலத்துக்கு வருவோம். 1948இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே பீடித் தொழில் இடம்பெற்றது. 1958இல் சென்னை மாநிலம் பீடிப் பட்டறைகளுக்கென்றே தனிச் சட்டம் செய்தது: வேலை நேரம், ஓய்வு, காற்றோட்டம், விடுப்பு. நல்ல சட்டம்தான். ஆனால் சட்டம் பட்டறையைப் பிடித்தது. முதலாளிகளோ பட்டறையையே கைவிட்டனர். இலையும் தூளும் ஒப்பந்தக்காரர் கைக்கு மாறின. அங்கிருந்து வீடுகளுக்குப் போயின. சில நிறுவனங்கள் சட்டமில்லாத பக்கத்து மாநிலத்துக்கே பெயர்ந்தன. நகர்ந்து ஓடும் இத்தொழிலை மாநிலச் சட்டங்களால் பிடிக்க முடியவில்லை என்பதையே காரணமாகக் காட்டித்தான் நாடாளுமன்றம் 1966இல் நாடு முழுமைக்கும் பொதுவான பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், சேலத்துப் பீடித் தொழிலாளர் சங்கத்தின் வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இவர்கள் எங்கள் தொழிலாளர்கள் அல்லர், ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள் என்று வாதிட்டனர் உரிமையாளர்கள். அந்த ஒப்பந்தக்காரர்கள் யார் என்று ஆராய்ந்தபோது, அவர்களே கையில் காசில்லாத ஏழைகள், முற்றிலும் உரிமையாளர்களின் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் என்பது வெளிப்பட்டது. பீடி சுற்றியவர்கள் உரிமையாளர்களின் தொழிலாளர்களே என்று 1964இல் தீர்ப்பு வந்தது. அவ்வழக்கில் உரிமையாளர் தரப்பில் காணப்படும் பெயர் நம் சமுதாயத்தவருடையது. இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சொல்லாமல் கடந்துபோவது அதைவிடத் தவறு. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் இறைவனே வழக்காடுவான் என்பதை நாம் ஜும்ஆ பயான்களில் கேட்டே வந்திருக்கிறோம். அந்த வழக்கில் ஒப்பந்தக்காரரைக் காட்டித் தப்பிக்க இயலுமா என்பதை மட்டும் எவரும் விளக்கிக் கேட்டதில்லை.

1966 சட்டம் வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளர் என்றே ஏற்றது. இருந்தும் கூலி ஏன் உயரவில்லை?

பீடிக்கடை வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு விடை தெரியும். ஆயிரம் பீடிக்கென்று எடை போட்டுத் தரும் இலையில் ஓட்டையும் முறிவும் இருந்தால், குறையும் இலையைச் சுற்றுபவரே காசு கொடுத்து வாங்கி ஈடுசெய்ய வேண்டும். சுற்றிக் கொண்டுபோனவற்றில் சரியில்லை என்று ஒரு பகுதியைக் கழிப்பார்கள். கழித்தவற்றுக்குக் கூலி இல்லை. சட்டத்தின்கீழ் வந்த விதிகள் கழிவுக்கு ஒரு வரம்பு கட்டின. ஆனால் அந்த வரம்பைச் சொல்லி வாதாட ஒரு பெண்ணுக்குத் துணிவு வேண்டும். மறுநாள் அவளுக்கு இலை மறுக்கப்பட்டால் போக இன்னொரு கடை வேண்டும். அறிவிக்கப்பட்ட கூலி ஒன்று, கையில் விழுவது வேறொன்று என்பது இப்படித்தான் நிகழ்கிறது. முதலாளிக்கோ கட்டட வாடகை இல்லை, விளக்கு இல்லை, மேற்பார்வை இல்லை. அவை அனைத்தையும் தொழிலாளியின் திண்ணை ஏற்றுக்கொண்டது.

இங்கே நம் பங்கையும் நாம் பேச வேண்டும். மேலப்பாளையம் ஒரு காலத்தில் தறியூர். கைத்தறி சரிந்தபோது குடும்பங்களைத் தாங்கிப் பிடித்தது பீடி. வெளியே போகாமல், பர்தாவும் பிள்ளை வளர்ப்பும் குலையாமல் நாலு காசு ஈட்ட அது வழியாயிற்று. அந்த வகையில் அது நமக்கொரு நன்மையே. ஆனால் நம் பெண்கள் தெருவைத் தாண்டி வேலைக்குப் போகமாட்டார்கள் என்பது நமக்குத் தெரிந்ததுபோலவே பீடிக்கடைக்காரருக்கும் தெரியும். அவர் தெரிந்து வைத்திருந்ததற்கு ஒரு விலை இருந்தது. அதை ஒவ்வோர் ஆயிரத்துக்கும் நம் உம்மாமார்கள் செலுத்தினார்கள். "கணவர் சம்பாதிக்கிறார், இது கைச்செலவுக்கு" என்ற பேச்சும் அவருக்கே உதவியது. கைம்பெண்ணின் வீட்டில் அந்தக் கூலிதான் அரிசி, அதுதான் வாடகை. கணவருள்ளவருக்கும் இல்லாதவருக்கும் கடையில் ஒரே விலை.

ஆட்கள் மிகுதி, அதனால்தான் கூலி குறைவு என்றும் சிலர் கூறுவர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. நாட்டில் பதிவுபெற்ற பீடித் தொழிலாளர்களே ஏறத்தாழ 50 லட்சம் பேர், பெரும்பான்மையினர் பெண்கள். ஆயினும் எண்ணிக்கை மட்டுமே காரணமானால் கண்ணூரில் நடந்ததை எப்படி விளக்குவது?

1966 சட்டத்தைக் கேரள அரசு 1968இல் நடைமுறைப்படுத்த முனைந்தபோது, மங்களூரைச் சேர்ந்த பெரிய நிறுவனங்கள் கண்ணூர்ப் பகுதியில் தங்கள் கடைகளை மூடிவிட்டன. சுமார் 12,000 பேர் வேலையிழந்தனர். 1969இல் அரசின் துணையோடு அத்தொழிலாளர்கள் கேரள தினேஷ் பீடி என்னும் கூட்டுறவை அமைத்தனர். அதே இலை, அதே தூள், அதே விரல்கள். ஆனால் அங்கே வேலை வீட்டில் நடக்கவில்லை. அனைவரும் ஓரிடத்தில் கூடி அமர்ந்தார்கள். ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றினார்கள். சட்டப்படியான கூலி, போனஸ், விடுப்பு, பிறகு ஓய்வூதியம் என ஒவ்வொன்றாக வந்தன. உச்சத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் அதில் பணியாற்றினர். அவர்கள் புதிதாக ஒரு திறனையும் கற்கவில்லை. கழிவு எவ்வளவு என்பதை யார் தீர்மானிப்பது என்பது மட்டும் மாறியிருந்தது.

அந்தக் கூட்டுறவும் 1990களுக்குப் பின் தளர்ந்தது. புகைப்போர் குறைந்தது ஒரு காரணம். கூலி குறைந்த இடங்களில் சுற்றப்பட்டு வந்த மலிவான பீடி இன்னொரு காரணம். உணவுப் பொருள், குடை என்று அது வேறு தொழில்களுக்குத் திரும்பியது.

புகையிலையே கூடாது என்று மார்க்க அறிஞர் பலர் கூறும்போது அத்தொழிலின் கூலிக்காக ஏன் வாதாட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தூளின் நெடியில் இருமி இருமித் தேய்ந்த மார்புகளைக் கண்டவர்கள் இத்தொழில் நீடிக்க வேண்டும் என்று விரும்பமாட்டார்கள். ஆனால் தொழிலைக் குறை கூறுவோர் மாற்றுத் தொழிலைக் காட்டும் வரை, சுற்றி முடித்த பீடிக்கு முழுக் கூலி கேட்பது அப்பெண்ணின் உரிமையே. நம் ஜமாஅத்துகளில் எத்தனை, தம் மஹல்லாவில் பீடி சுற்றும் பெண்கள் எவ்வளவு பேர், அவர்களில் யார் யாருக்கு அடையாள அட்டை இருக்கிறது என்ற கணக்கை வைத்திருக்கின்றன?

நம் ஊர்களில் இப்போது பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். பீடி சுற்றத் தெரியுமா என்று பெண் பார்க்க வருவோர் விசாரித்த காலம் ஒன்று இருந்தது. இன்று என்ன படிப்பு என்று விசாரிக்கிறார்கள். சொளகு மூத்தவர்கள் கையில் மட்டும் மிஞ்சி வருகிறது. தொழிலோ ஆள் கிடைக்கும் பக்கம் சென்றிருக்கிறது. மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டம் இன்று நாட்டின் பெரும் பீடி மையங்களுள் ஒன்று. ஜங்கிப்பூரிலும் துலியானிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் இலட்சக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள், மடியில் முறத்துடன் அமர்ந்திருக்கிறார்கள். அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி அங்கேயும் உண்டு. முதலாளிகளும் சங்கங்களும் தமக்குள் பேசி முடித்த அதைவிடக் குறைந்த விலையே அவர்கள் கைக்கு வந்து சேர்கிறது.