கேஸுக்கு மணம் வந்த கதை



2021 நவம்பர், டிசம்பர் மாதங்களை நாம் மறந்திருக்க மாட்டோம். நாட்டின் பல இடங்களில் கேஸ் அடுப்புகள் வெடித்தன. நமது வாவிக்கரை ஊர்களிலும் சிலிண்டரை முற்றத்தில் வைத்துவிட்டு விறகடுப்பை மூட்டினோம். குசினிக்குள் போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: "மணம் வருதா?"

அந்த மணம் கேஸின் சொந்த மணம் அல்ல. அதற்குப் பின்னால் ஒரு பாடசாலையின் கதை இருக்கிறது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்றொரு ஊர். அங்குள்ள பாடசாலை, செலவைக் குறைக்க எண்ணெய் வயலில் மிஞ்சிய இயற்கை வாயுவைக் குழாய் வழியே எடுத்துப் பாவித்தது. அது கசிந்து கட்டடத்தின் அடியில் நிறைந்தது. மணம் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. 1937 மார்ச் 18 பின்னேரம், தொழிற்கல்வி ஆசிரியர் ஓர் இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டார். அந்தப் பொறியில் கட்டடமே வெடித்தது. சுமார் 300 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிள்ளைகள்.

அதன் பிறகுதான் வாயுவில் மணம் சேர்க்கவேண்டும் என்று டெக்சாஸில் சட்டம் வந்தது. பின்னர் அந்த வழக்கம் உலகெங்கும் பரவியது. நமது சிலிண்டரில் வரும் அழுகல் மணம் எதில் மெர்கப்டன் என்ற பொருளுடையது. 2021 டிசம்பரில், அது போதாது என்று கப்பலில் வந்த கேஸை இறக்கவிடாமல் தடுத்ததும் நினைவிருக்கும்.

இதை விசாரித்த குழு, வெடிப்புகளுக்கு முக்கிய காரணம் கேஸின் கலவை மாறியது என்றது. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும். பழைய பைப்பும் தளர்ந்த கிளிப்பும் அதைத் தாங்காது.

சமையல் கேஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் நிலத்தோடு படிந்து கிடக்கும். ரமழானில் ஸஹருக்கு எழும்பும் உம்மாமாரை நினைத்துப் பாருங்கள். இரவெல்லாம் பூட்டிக் கிடந்த குசினி. தூக்கக் கலக்கத்தில் கை முதலில் போவது லைட் சுவிட்சுக்குத்தான். நியூ லண்டனிலும் ஒரு சுவிட்ச்தான்.

ஆகவே,

1. மணம் வந்தால் எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். நெருப்புப் பெட்டியைத் தொடாதீர்கள்.

2. கதவு, ஜன்னலைத் திறந்து, முடிந்தால் ரெகுலேட்டரை மூடி, எல்லோரும் வெளியே வாருங்கள். போன் எடுப்பதும் வெளியே வந்த பிறகுதான்.

3. சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் பைப், ரெகுலேட்டர் மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசுங்கள். குமிழி வந்தால் கசிவு. நெருப்புக் குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது.

4. படுக்குமுன் ரெகுலேட்டரை மூடுங்கள். தடிமன் பிடித்தவருக்கும் வயதானவருக்கும் மணம் தெரியாமல் போகலாம்.

அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத எச்சரிக்கை நமக்குக் கிடைத்திருக்கிறது. "கொஞ்சம் மணக்குது, பரவாயில்லை" என்று இருந்துவிட வேண்டாம். இன்றிரவே வீட்டில் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம்.