பில், புல்லட், புல்லட்டின்

நீர்க்குமிழியை லத்தீனில் ‘புல்லா’ என்பார்கள். குமிழிபோல் உருண்டு புடைத்த பலவற்றுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கதவில் அறையும் குமிழாணியும் புல்லாதான். ரோமானியச் சிறுவர்கள் கழுத்தில் அணிந்த தாயத்தும் புல்லாதான். நம் ஐம்படைத்தாலி மாதிரி அது. வயது வந்ததும் கழற்றிவிடுவார்கள். இடைக்காலத்தில் ஆவணத்தின் அடியில் நூல் கோத்துத் தொங்கவிட்ட ஈய முத்திரைக்கு அதே பெயர் போயிற்று. பிறகு முத்திரையின் பெயர் ஆவணத்துக்கே ஆகிவந்தது, அசல் ஆகுபெயர். போப்பாண்டவரின் ஆணையை ஆங்கிலத்தில் ‘புல்’ என்பது இதனால்தான். காளைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 1356இல் பேரரசர் நான்காம் சார்லஸ் பிறப்பித்த சாசனம், தங்க முத்திரை தொங்கியதால் ‘பொன் புல்’ ஆனது.

இந்த வம்சத்தின் பிள்ளைகள் நம் தெருவிலும் திரிகின்றன. கடைக்காரர் நீட்டும் பில், புல்லா என்பது திரிந்து வந்த சொல். முத்திரை வைத்த எழுத்து என்பதே அதன் பழைய பொருள். உருண்டை என்ற பொருளோடு பிரெஞ்சு வழியாகப் போன கிளை துப்பாக்கிக் குண்டாகி, கடைசியில் ‘புல்லட்’ என்ற பெயராகத் திருவொற்றியூர் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தது. இத்தாலியில் ‘புல்லெட்டா’ என்ற சிறு சான்றுச்சீட்டு, இன்னும் சிறுத்துப் ‘புல்லெட்டீனோ’ ஆகி, 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் புல்லட்டினாக நுழைந்தது.

முத்திரைக்குப் பிறந்த இந்தச் சொல்லின் மானத்தை வாங்கியவர் நெப்போலியன். போர்க்களத்திலிருந்து அவர் அனுப்பிய புல்லட்டின்களில் வெற்றி பெருத்தும் இழப்பு சிறுத்தும் இருக்கும். ‘புல்லட்டின்போலப் பொய் சொல்கிறான்’ என்று பிரான்சில் சொலவடையே பிறந்தது. 1812 டிசம்பரில் வந்த 29ஆவது புல்லட்டின்தான் ரஷ்யாவில் படை குலைந்துபோனதை ஒப்புக்கொண்டது. அதுவும் மன்னரின் உடல்நலம் முன்னெப்போதையும்விட நன்றாக இருக்கிறது என்றுதான் முடிந்தது! இன்றும் தலைவர்கள் மருத்துவமனையில் படுத்தால் வாசலில் புல்லட்டின் வாசிக்கிறார்கள். எத்தனை பேர் நம்புகிறார்கள் என்பது வேறு கதை.

அமெரிக்கக் கார் தொழிலில் இந்தச் சொல்லுக்கு ஒரு விசித்திரமான மறுவாழ்வு கிடைத்தது. ஒரே மாடலில் ஒரே கோளாறு பல ஊர்களில் தலைகாட்டினால், தயாரிப்பாளர் தன் டீலர்களுக்கு ‘டெக்னிக்கல் சர்வீஸ் புல்லட்டின்’ அனுப்புவார். எந்த மாடல், எந்த ஆண்டு, வண்டி எப்படி நடந்துகொள்ளும், எதை மாற்றினால் சரியாகும் என்று அதில் இருக்கும். இது ‘ரீகால்’ அல்ல; உரிமையாளர்களைக் கூப்பிட்டு இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை. பெரும்பாலான உரிமையாளர்களுக்கு இப்படி ஒன்று வந்ததே தெரியாது. மெக்கானிக்குக்காக எழுதியது என்பதால் பூச்சு இல்லை. நெப்போலியனின் புல்லட்டின் ஊருக்குச் சொன்ன பொய் என்றால், இது வீட்டுக்குள் சொன்ன உண்மை. ஆனால் இதன் நகலைத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அந்த அமைப்பு இவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது.

அங்கே குறைபட்ட காருக்கு ‘லெமன்’ என்று பெயர். உருப்படாத சரக்கை எலுமிச்சை என்பது 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துக் கொச்சை வழக்கு. புது வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சை நசுக்குகிற நமக்கு, வண்டியையே எலுமிச்சை என்பது வேடிக்கைதான். அப்படிப்பட்ட வண்டி வாங்கியவரைக் காக்க 1982இல் கனெக்டிகட் மாநிலம் முதல் ‘லெமன் சட்டம்’ கொண்டுவந்தது. இன்று எல்லா மாநிலங்களிலும் உண்டு. கலிபோர்னியாவில் முதல் 18 மாதம் அல்லது 18,000 மைலுக்குள் ஒரே கோளாறுக்கு நான்கு முறைக்குக் குறையாமல் பழுது பார்த்தும் தீராவிட்டால், தயாரிப்பாளருக்குப் போதிய வாய்ப்புக் கொடுத்தாகிவிட்டது என்று சட்டம் அனுமானிக்கும். உயிருக்கு ஆபத்தான கோளாறு என்றால் இரண்டு முறை போதும்.

லெமன் வழக்குகளில் நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்வது, “இந்த வண்டியின் இயல்பே இப்படித்தான்” என்பது. அந்த இடத்தில் புல்லட்டின் பேசும். இயல்பு என்றால் அதைச் சரிசெய்ய எதற்கு அறிவுரை? எதிர்த்தரப்பே எழுதியது என்பதால், ‘கேள்விப்பட்ட சாட்சியம்’ என்று அதைத் தள்ளுவதும் எளிதல்ல. ஃபோர்டு ஃபோக்கஸ், ஃபியஸ்டா கார்களின் பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ் உதறல் பற்றிய வழக்குகளில் வாதிகள் இப்படித்தான் புல்லட்டின்களை எடுத்து வைத்தார்கள்.

நிறுவனத்தின் வக்கீலும் சும்மா இருப்பதில்லை. புல்லட்டின் வெறும் வேலைக்குறிப்பு, குறையை ஒப்புக்கொள்வது அல்ல என்பார். உங்கள் வண்டியில் அந்தக் கோளாறு இருந்ததற்கு என்ன ஆதாரம் என்றும் கேட்பார். நியாயமான கேள்வி. இங்கேதான் புல்லட்டினின் பங்காளியான பில் வேண்டும். ஒவ்வொரு முறை வண்டியை விட்டபோதும், உரிமையாளர் சொன்ன புகார் சர்வீஸ் சீட்டில் அவர் சொன்னபடியே ஏறியிருக்க வேண்டும். “பரிசோதித்தோம், குறை தென்படவில்லை” என்று மட்டும் எழுதிய சீட்டுக்கூட ஒருவகையில் உதவும். அதே அறிகுறியை விவரிக்கும் புல்லட்டின் அதற்கு முன்பே அந்த டீலரிடம் வந்திருந்தால், பார்க்காமல் விட்டது யார் என்ற கேள்வி எழும்.

தேதியில்தான் விஷயமே. வண்டி விற்ற நாளுக்கு முந்தைய தேதியில் புல்லட்டின் இருந்தால், தெரிந்தே விற்றார்கள் என்று வாதிட வழி பிறக்கிறது. கலிபோர்னியாவில், சட்டக் கடமையை நிறுவனம் வேண்டுமென்றே மீறியது என்று நிரூபணமானால், நஷ்டஈட்டுக்கு மேல் அதைப்போல் இரண்டு மடங்குவரை அபராதமும் விதிக்கலாம்.