விமானப் பயணியும் இழப்பீட்டு உரிமையும்

பட்டர்வொர்த் வட்டாரத்தில் வாழும் நம்மவர்களுக்குத் தமிழகப் பயணம் புதிய செய்தியன்று. நம் பாட்டன்மார் பினாங்குத் துறைமுகத்தில் 'ரஜூலா' கப்பலில் ஏறி நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ இறங்கினார்கள். 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அக்கப்பல் 1973 வரை நம் மக்களைச் சுமந்தது. கடற்பயணம் பல நாள் எடுக்கும். கப்பல் ஒரு நாள் பிந்தி வந்தால், காற்றையும் மழையையும் நொந்துகொண்டார்களே தவிர, கப்பல் கம்பெனியிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை.

விமானம் வந்த பிறகு நிலைமை மாறியது. பயணி கூடுதலான பணம் கொடுப்பதே நேரத்தை மிச்சப்படுத்துவதற்காகத்தான். ஊரில் நிகழும் சாவுக்கோ கல்யாணத்துக்கோ புறப்பட்டவருக்கு ஐந்து மணி நேரத் தாமதம் என்பது முழு நிகழ்ச்சியையும் இழப்பதாக முடியலாம். அவ்வாறு இழந்த நேரத்துக்கு விமானக் கம்பெனி பொறுப்பாகுமா? பொறுப்பு என்றால் எந்த அளவுக்கு? இக்கேள்விக்கு உலகம் விடை தேடிய வரலாற்றையே இன்று நாம் பார்க்கப்போகிறோம்.

முதலில் நம் வட்டாரத்து வான்வழியைச் சிறிது நோக்குவோம். பட்டர்வொர்த்தில் 1941ஆம் ஆண்டிலேயே விமானத் தளம் அமைந்தது. ஆயினும் அது படைக்குரியது. பொதுமக்கள் விமானம் ஏறுவதற்குக் கடலைத் தாண்டித் தீவிலுள்ள பாயான் லெப்பாசுக்கே போகவேண்டும். அந்த நிலையம் 1935இல் திறக்கப்பட்டது. 1937இல் வேர்ன்ஸ் நிறுவனம் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு ஆகிய நகரங்களை இணைத்து விமானம் விட்டது. போருக்குப் பின் 1947இல் மலாயன் ஏர்வேஸ் தன் சேவையைத் தொடங்கியபோது, அதன் சிறிய விமானத்தில் ஏறத்தாழ ஐந்து பயணிகளே அமர முடிந்தது. அன்று விமானப் பயணம் வசதி படைத்த சிலருக்கு உரியதாக இருந்தது.

ஆனால் பயணியின் உரிமை பற்றிய சட்டம் இதற்கு முன்பே பிறந்துவிட்டது. 1929ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் போலந்தின் தலைநகரான வார்சாவில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அக்காலத்தில் விமானக் கம்பெனிகள் இளங்குழந்தைகள். ஒரே விபத்து ஒரு கம்பெனியை மூழ்கடித்துவிடும். ஆகவே உடன்படிக்கையை வகுத்தவர்கள் இரு தரப்புக்கும் ஒரு பேரம் பேசினார்கள். பயணிக்குத் தீங்கு நேர்ந்தால் கம்பெனியே பொறுப்பு. தேவையான எல்லா நடவடிக்கையும் எடுத்தோம் என்று மெய்ப்பிக்கும் சுமையும் கம்பெனியின் மேலேயே விழும். அதற்கு ஈடாக, கம்பெனி கொடுக்கவேண்டிய தொகைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பு ஒரு பயணிக்கு 125,000 தங்கப் பிராங்கு.

இந்த உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு தாமதத்தைப் பற்றியது. தாமதத்தால் விளையும் இழப்புக்கும் கம்பெனி பொறுப்பு என்று அது கூறியது. உடன்படிக்கை விதித்ததற்கும் குறைவான பொறுப்பைப் பயணச் சீட்டில் எழுதிக்கொண்டால் அவ்வெழுத்து செல்லாது என்றும் இன்னொரு பிரிவு கூறியது. சீட்டின் பின்புறத்தில் பொடி எழுத்தில் எதை அச்சிட்டாலும் சட்டமாகிவிடும் என்ற எண்ணத்துக்கு அன்றே தடை போட்டார்கள்.

1955இல் ஹேக் நகரில் கூடி உச்சவரம்பை இரட்டிப்பாக்கினார்கள். மலேசியா 1974இல் விமானவழிப் போக்குவரத்துச் சட்டத்தை இயற்றி, இந்த விதிகளை நாட்டுச் சட்டமாக்கிக்கொண்டது. அதற்கு ஈராண்டு முன்னர், 1972இல், மலேசிய விமான நிறுவனம் சிங்கப்பூரிலிருந்து பிரிந்து தனியே பறக்கத் தொடங்கியிருந்தது.

சட்டம் இருந்தது. எளிய பயணிக்கு அது பயன்பட்டதா? பெரும்பாலும் இல்லை என்றே சொல்லவேண்டும். இழப்பை எண்ணிக் காட்டி, வழக்கறிஞரை அமர்த்தி, நீதிமன்றம் ஏறவேண்டும். ஓர் இரவு நாற்காலியில் தூங்கியதற்காகவும், இரண்டு வேளை உணவு வாங்கியதற்காகவும் யார் வழக்காடுவார்கள்? வழக்குச் செலவு இழப்பைவிடப் பெரிதாகிவிடும். சிறிய இழப்புக்கு எளிய வழி வேண்டும் என்ற குரல் இந்நாட்டில் பயனீட்டாளர் இயக்கத்திலிருந்து எழுந்தது. 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலிருந்தே இயங்கி வரும் பினாங்கு பயனீட்டாளர் சங்கமும், அதன் தலைவராக நெடுங்காலம் விளங்கி 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்களும் இத்துறையில் பெரும்பங்கு ஆற்றினர். 1999இல் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ், ஐந்து ரிங்கிட் கட்டணம் செலுத்தி, வழக்கறிஞர் இல்லாமலே முறையிடக்கூடிய நடுவர் மன்றமும் அமைந்தது.

இதற்கிடையில் விமானத் துறையே உருமாறிற்று. 2001ஆம் ஆண்டின் இறுதியில் கைமாறிய ஏர் ஏசியா, மலிவுக் கட்டணச் சேவையைத் தொடங்கியது. பேருந்தில் போனவர்களும் விமானத்தில் பறந்தார்கள். பயணிகள் பெருகியபோது, தாமதங்களால் அல்லற்படுவோரும் பெருகினர்.

உலக அரங்கில் வார்சாவின் இடத்தை 1999இல் மாண்ட்ரீல் உடன்படிக்கை எடுத்துக்கொண்டது. மலேசியாவுக்கு அது 2008இலும் இந்தியாவுக்கு 2009இலும் நடைமுறைக்கு வந்தது. எனவே பினாங்கு, சென்னை போக்குவரத்தின் இரு முனைகளும் இன்று ஒரே உடன்படிக்கைக்குள் அடங்கியவை. தாமதத்தால் ஏற்படும் இழப்புக்கு அதில் ஒருவருக்குரிய உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல், 6,303 சிறப்பு எடுப்புரிமை. சிறப்பு எடுப்புரிமை என்பது அனைத்துலக நாணய நிதியம் பயன்படுத்தும் கணக்கு அலகாகும்.

இங்கே நேயர்கள் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். இது மேல் எல்லை. தாமதமானவுடன் கைக்கு வரும் பரிசுத் தொகையன்று. உண்மையில் என்ன செலவாயிற்று, என்ன நட்டம் என்று காட்டவேண்டும். கம்பெனியைத் தண்டிப்பதற்காகக் கூடுதல் தொகை கேட்க இடமில்லை. நியாயமாக எடுக்கக்கூடிய நடவடிக்கைகள் அனைத்தையும் எடுத்தோம் என்று கம்பெனி மெய்ப்பித்தால் அதற்குப் பொறுப்பும் இல்லை.

ஐரோப்பிய நாடுகள் வேறு வழியில் சென்றன. 2005 பிப்ரவரி 17இல் அங்கு நடைமுறைக்கு வந்த விதி, தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ என்று நிலையான இழப்பீட்டை வகுத்தது. அசாதாரணச் சூழ்நிலை இருந்தாலன்றி, நட்டத்தைக் காட்டாமலே அத்தொகையைக் கேட்கலாம். இதைக் கேள்விப்பட்ட நம்மவர் சிலர் இங்கும் அவ்வாறே கிடைக்கும் என எண்ணி ஏமாறுகின்றனர்.

மலேசியாவின் விதித்தொகுப்பு 2016 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் நோக்கம் பயணியைப் பராமரிப்பதும், அவருடைய பணத்தைத் திருப்பிக் கொடுப்பதுமே. விமானம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் உணவும், தொலைபேசி, இணைய வசதியும் தரவேண்டும். ஐந்து மணி நேரத்தை எட்டி, இரவு தங்க நேர்ந்தால், விடுதியும் அங்குச் சென்றுவரப் போக்குவரத்தும் தரவேண்டும். பயணம் ரத்தானால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். 2024 செப்டம்பர் 2 முதல், ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானாலும் பயணி பயணத்தைக் கைவிட்டு, தாம் பணம் செலுத்திய அதே வழியில் அதை முப்பது நாளுக்குள் திரும்பப் பெறலாம்.

இந்தக் கடைசித் திருத்தத்தின் அருமையை அறியக் கொள்ளைநோய்க் காலத்தை நினைத்தால் போதும். 2020 மார்ச்சில் விமானங்கள் நின்றபோது, பணத்துக்குப் பதில் எதிர்காலப் பயணத்துக்கான வரவுச் சீட்டே பலருக்குக் கிடைத்தது. 2021இல் ஏர் ஏசியா எக்ஸ் தன் கடன்களைச் சீரமைத்தபோது, பணம் திரும்பப் பெறவேண்டிய பயணிகளும் கடன் கொடுத்தோர் வரிசையிலே நிறுத்தப்பட்டார்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம். பட்டர்வொர்த்தைச் சேர்ந்த ஒருவர் பாயான் லெப்பாசிலிருந்து கோலாலம்பூர் வழியாகச் சென்னை செல்வதாக வைத்துக்கொள்வோம். முழுப் பயணத்துக்கும் ஒரே சீட்டு எடுத்திருந்தால், உள்நாட்டுப் பகுதியும் அனைத்துலகப் பயணத்தின் அங்கமாகவே கருதப்படும். முதல் விமானம் பிந்தி அடுத்ததைத் தவறவிட்டால் கேட்க உரிமை உண்டு. மலிவு கருதித் தனித்தனியாக இரு சீட்டுகள் வாங்கியிருந்தால், இரண்டாவது கம்பெனி அவரைப் பிந்தி வந்த பயணியாகவே கருதும். பாலத்து நெரிசலில் பிந்தினாலும் கதை அதுவே.

பெட்டி சேதமாயிருந்தால் ஏழு நாளுக்குள்ளும், பிந்திக் கிடைத்தால், கிடைத்த நாளிலிருந்து இருபத்தொரு நாளுக்குள்ளும் எழுத்தில் முறையிடவேண்டும். வழக்குத் தொடுக்க ஈராண்டே அவகாசம். முறையீடு முதலில் கம்பெனிக்குப் போகவேண்டும். அங்கு முப்பது நாளில் தீர்வு கிட்டாவிட்டால் ஒழுங்குமுறை ஆணையத்திடம் செல்லலாம். அப்பொறுப்பு மாவ்கோம் எனப்பட்ட ஆணையத்திடம் இருந்தது. 2025 ஆகஸ்டு முதல் நாளில் மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கு மாறியது. சீட்டு, ஏறும் அட்டை, செலவு ரசீதுகள், தாமதத்தை அறிவித்த குறுஞ்செய்தி ஆகியவற்றைப் பத்திரமாக வைத்துக்கொள்வது அவசியம்.

தந்தையின் இறுதிச் சடங்கைத் தவறவிட்ட மகனுக்கு எந்த உடன்படிக்கையும் ஈடு செய்ய முடியாது. சட்டத்தின் கை அவ்வளவு நீளமன்று. ஆனால் அவர் விமான நிலையத்தில் பசியோடு காத்திருக்க வேண்டியதில்லை. கொடுத்த பணத்தையும் இழக்க வேண்டியதில்லை. 1929 தொடங்கி ஏறத்தாழ நூறாண்டுகளில் படிப்படியாகச் சேர்ந்த உரிமை இது. கேட்பவருக்கே அது கிடைக்கும். ஆகவே நேயர்களே, பயணம் புறப்படுமுன் நம் உரிமையை அறிந்துகொள்வோம். உரிய காலத்தில், உரிய சான்றுகளோடு கேட்போம்.