குடலில் குடியிருக்கும் எதிர்ப்பு: விழுப்புரம், திண்டிவனத்தை முன்வைத்து

திண்டிவனத்துப் பக்கம் ஏதேனும் ஒரு மருந்துக்கடை முன் சற்று நின்றால் போதும். "வயித்தால போவுது, ரெண்டு வேளைக்கு மாத்திர குடுண்ணா" என்று ஒருவர் வருவார். கடைக்காரர் அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கிச் சிறு காகித உறையில் போட்டுத் தருவார். ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல் என்னும் நுண்ணுயிர்க்கொல்லிகள் சேர்ந்த மாத்திரை இத்தகைய உறைகளில் சர்வசாதாரணம். உப்புச் சர்க்கரைக் கரைசலே போதுமான வயிற்றுப்போக்குக்கும் அதுதான்.

அந்த மாத்திரைகள் நோய்க்கிருமியை மட்டும் தேடிப்பிடித்துக் கொல்வதில்லை. பெருங்குடலில் தீங்கின்றி வாழும் ஈ.கோலை பாக்டீரியங்கள்மீதும் அவை பாய்கின்றன. தாங்காதவை மடிய, தாங்கியவை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. எதிர்ப்பு மரபணுக்கள் பல, பிளாஸ்மிட் என்னும் வட்ட டி.என்.ஏ.வில் இருப்பதால், ஒரு பாக்டீரியம் அவற்றை வேற்றினப் பாக்டீரியத்துக்கும் கைமாற்றிவிட முடியும். ஒரே பிளாஸ்மிடில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு ஏறியிருந்தால், ஒன்றை விழுங்கினாலே மற்றவற்றுக்கும் எதிர்ப்பு வலுக்கிறது.

நோயாளியின் சிறுநீரையும் இரத்தத்தையும் மட்டும் வைத்து எழுதும் எதிர்ப்புக் கணக்கு ஒருதலையானது என்பதே என் வாதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013இல் தொடங்கிய கண்காணிப்பு வலையமைப்பில் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. விழுப்புரத்து மக்கள் அங்கே போவதும் புதிதல்ல. ஆனால் அப்படிப்பட்ட பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர்பவர் பெரும்பாலும் இரண்டு மூன்று இடங்களில் மருந்து தின்று குணமாகாதவர். அவரை வைத்து ஊரை மதிப்பிட்டால் எதிர்ப்பு மிகையாகத் தெரியும். அவரை ஒதுக்கினால் ஒன்றுமே தெரியாது.

2010இல் லான்செட் தொற்றுநோய் இதழில் குமாரசாமி கார்த்திகேயனும் பிறரும் என்டிஎம்-1 (நியூ டெல்லி மெட்டல்லோ-பீட்டா-லாக்டமேஸ்) என்னும் எதிர்ப்பு மரபணு கொண்ட பாக்டீரியங்களைச் சென்னையில் 44, ஹரியானாவில் 26 எனக் காட்டினர். பெயரில் தில்லி இருந்ததால் எழுந்த ரோஷத்தில், சென்னையின் எண்ணிக்கையை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அடுத்த ஆண்டு தில்லியில் தேங்கிய, கசிந்த நீரின் 171 மாதிரிகளில் 51இலும், குழாய் நீரின் 50 மாதிரிகளில் 2இலும் அதே மரபணு சிக்கியது. மருத்துவமனைச் சுவரைத் தாண்டிப் போயிருந்தது என்று பொருள்.

ஆகவே நோயாளி அல்லாதவரின் குடலையும் சோதிக்க வேண்டும்; அதற்கான முன்மாதிரிக்குத் தொலைவு போக வேண்டாம். உலக சுகாதார நிறுவன ஆதரவில் வேலூரில் நடந்த முன்னோடித் திட்டம், கர்ப்பிணிகளின் ஈ.கோலையைச் சோதித்தது. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியின் மகப்பேறு புறநோயாளர் பிரிவிலும் இதைச் செய்யலாம். மலத்தை மக்கான்கி தட்டில் தேய்த்தால் மறுநாள் ஈ.கோலை இளஞ்சிவப்பாக எழும். அதைப் புதுத் தட்டில் பரப்பி, செஃபோடாக்சிம் வில்லை ஒன்றும் அதனுடன் கிளாவுலனேட் சேர்ந்த வில்லை ஒன்றும் வைக்க வேண்டும். இரண்டாவதைச் சுற்றிய வெற்று வளையத்தின் விட்டம் முதலாவதைவிட 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்தால், செஃபோடாக்சிம் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் ஈ.எஸ்.பி.எல். நொதி இருக்கிறது. அளக்க ஓர் அளவுகோல் போதும்.

எதிர்ப்பைச் சுமப்பவர் நோயாளி அல்லரே, அதற்கு எதற்குச் செலவு என்று கேட்பார்கள். கர்ப்பிணிகளுக்கு அடிக்கடி வரும் சிறுநீர்த்தொற்றில் பெரும்பங்கு அவரவர் குடலின் ஈ.கோலையால் வருவது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குப் போய்ச் சேரும் முதல் பாக்டீரியங்களிலும் அது உண்டு.