கையெழுத்துக்குக் காத்திருந்த சட்டம்
ஜூடித் ஹியூமன் (1947–2023): ஒரு நினைவுக் கட்டுரை

சட்டம் இயற்றுவது வேறு, சட்டம் நடப்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் ‘விதிகள்’ என்று ஒன்று இருக்கிறது. சட்டசபை சட்டத்தை நிறைவேற்றும். அதை யார் செய்ய வேண்டும், எந்த அளவில், எந்தத் தேதிக்குள் என்பதைத் துறை விதியாக எழுதி, பொறுப்பில் இருப்பவர் கையெழுத்துப் போட்டால்தான் அது தெருவுக்கு வரும். வியாபாரம் செய்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆர்டர் கொடுத்தாச்சு என்பதால் சரக்கு கடை வாசலுக்கு வந்துவிடாது. எத்தனை உருப்படி, என்றைக்கு, யார் பொறுப்பு என்று எழுதாத ஆர்டர் வெறும் வாய்ப்பேச்சு.

அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டப்பிரிவு ஒன்று விதி இல்லாமல் மூன்றரை வருஷம் இப்படிக் கிடந்தது. அதற்குக் கையெழுத்து வாங்கப் போராடியவர்களில் முன்நின்ற பெண்மணி, பிற்காலத்தில் அதே அரசாங்கத்தின் உயர் பதவியில் அமர்ந்து சட்டத்தை நடத்திக் காட்டினார். அவர்தான் ஜூடித் ஹியூமன். 2023 மார்ச் 4-ஆம் தேதி வாஷிங்டனில் தமது 75-ஆம் வயதில் காலமானார். அவர் கதை நமக்கு அந்நியமானது அல்ல என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

பள்ளிக்கூடத்து வாசல்

ஜூடித் 1947 டிசம்பர் 18-இல் பிறந்தார். வளர்ந்தது நியூயார்க் நகரத்து புரூக்ளின் பகுதியில். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து சிறு வயதிலேயே அமெரிக்காவுக்கு அனுப்பி வைக்கப்பட்ட யூதர்கள். ஊரில் தங்கிவிட்ட அவர்களுடைய தாய் தந்தையர் ஹிட்லர் ஆட்சியில் கொல்லப்பட்டார்கள்.

ஒன்றரை வயதில் குழந்தைக்கு இளம்பிள்ளை வாதம் வந்தது. குழந்தையை ஒரு விடுதியில் சேர்த்துவிடும்படி ஒரு மருத்துவர் யோசனை சொன்னார். பெற்றோர் மறுத்துவிட்டார்கள். தங்கள் குடும்பத்தையே இழந்தவர்கள், பெற்ற பிள்ளையைப் பிரிவார்களா?

5 வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையால் தீ விபத்துச் சமயத்தில் ஆபத்து என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாரத்தில் சில மணி நேரம் ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கு வந்து பாடம் சொன்னார். அவ்வளவுதான் படிப்பு. தாயார் இல்சா விடாமல் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய பிறகு, 9 வயதில்தான் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. அதுவும் எல்லாப் பிள்ளைகளோடும் அல்ல, கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தனி வகுப்பு.

படித்துப் பட்டம் பெற்று, 1970-இல் ஆசிரியர் உரிமத்துக்கு விண்ணப்பித்தார். எழுத்துத் தேர்வில் தேறினார், வாய்மொழித் தேர்விலும் தேறினார். உடற்தகுதித் தேர்வில் தள்ளிவிட்டார்கள். தீப்பிடித்தால் பிள்ளைகளை எப்படி வெளியே கொண்டு போவாய் என்பதே கேள்வி. 5 வயதில் சொன்ன அதே தீ! நியூயார்க் கல்வி வாரியத்தின் மேல் வழக்குப் போட்டார். வழக்கு வந்தது நீதிபதி கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி முன்னால். அமெரிக்க மத்திய நீதிமன்றத்தில் நீதிபதியான முதல் கறுப்பினப் பெண்மணி அவர். அவர் சொன்னதன் பேரில் வாரியம் மறுபடி பரிசோதித்து உரிமத்தைக் கொடுத்தது. நியூயார்க்கில் சக்கர நாற்காலியில் அமர்ந்து வகுப்பெடுத்த முதல் ஆசிரியை ஆனார் ஜூடித்.

மூன்றரை வருஷத் தாமதம்

1973 செப்டம்பரில் அமெரிக்காவில் மறுவாழ்வுச் சட்டம் வந்தது. அதன் 504-ஆம் பிரிவு ஒரே ஒரு வாக்கியம். மத்திய அரசின் பணம் பெறும் எந்த இடத்திலும், உடற்குறையைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்பது அதன் சாரம். பள்ளி, கல்லூரி, மருத்துவமனை என்று அரசுப் பணம் வாங்காத இடம் எது? அதனால்தான் எல்லோருக்கும் கலக்கம். சாய்தளம் கட்ட வேண்டும், கழிப்பறையை மாற்ற வேண்டும், செலவு யாருடையது என்று நிறுவனங்கள் முணுமுணுத்தன. விதிகளை எழுத வேண்டிய துறை தள்ளிப் போட்டது. நிக்சன் போனார், ஃபோர்டு போனார், 1977-இல் கார்ட்டர் வந்தார். புதிய அமைச்சர் ஜோசப் கலிஃபானோ, படித்துப் பார்க்கணும், திருத்தணும் என்று மேலும் அவகாசம் கேட்டார். ‘திருத்தம்’ என்ற பெயரில் தனிப் பள்ளி, தனி ஏற்பாடு என்று விதியின் உயிரையே எடுத்துவிடுவார்களோ என்ற பயம் போராடியவர்களுக்கு.

1977 ஏப்ரல் 5-ஆம் தேதி பல நகரங்களில் அந்தத் துறையின் அலுவலகங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் புகுந்து உட்கார்ந்தார்கள். மற்ற ஊர்களில் சீக்கிரமே முடிந்துபோயிற்று. சான்பிரான்சிஸ்கோவில் மட்டும் சுமார் 150 பேர் நகரவில்லை. ஜூடித்தும் அவருடைய தோழி கிட்டி கோனும் முன்நின்றார்கள். கிட்டத்தட்ட நான்கு வாரம்! படுக்கை இல்லை, உதவியாளர் இல்லை, பலருக்கு வேளாவேளைக்கு மருந்து வேண்டும். தொலைபேசியைத் துண்டித்தபோது, காது கேளாதவர்கள் ஜன்னலில் நின்று சைகை மொழியில் வெளியே சேதி அனுப்பினார்கள். ‘பிளாக் பேந்தர்’ என்ற கறுப்பர் இயக்கத்தினர் சூடான சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். நகர மேயர் மாஸ்கோனி மெத்தைகள் அனுப்பினார்.

அந்தக் கட்டடத்திலேயே ஒரு விசாரணை நடந்தது. வாஷிங்டனிலிருந்து வந்த அதிகாரி, எல்லாம் புரிகிறது என்கிற மாதிரி தலையாட்டிக்கொண்டே இருந்தார். நாங்கள் சொல்வது உங்களுக்குப் புரிகிறது என்று எனக்குத் தோன்றவில்லை, தயவுசெய்து தலையாட்டுவதை நிறுத்துங்கள் என்று ஜூடித் குரல் தழுதழுக்கச் சொன்னார். இரக்கப்பட்டுத் தலையாட்டுகிறவர்களைப் பார்த்தே வாழ்நாள் கழித்தவர்களின் மொத்தக் கோபமும் அந்தப் பேச்சில் இருந்தது.

ஒரு குழு வாஷிங்டனுக்கே போய் அமைச்சர் வீட்டு வாசலில் காத்திருந்தது. ஏப்ரல் 28-ஆம் தேதி கலிஃபானோ கையெழுத்துப் போட்டார். விதி நீர்த்துப்போகாமல் வந்தது. 30-ஆம் தேதி எல்லோரும் வெளியே வந்தார்கள். 1990-இல் வந்த விரிவான ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்துக்கு இந்த விதிகளே அஸ்திவாரம்.

மேஜைக்கு அந்தப் பக்கம்

போராடியவர்கள் பலர் போராட்டத்தோடு நின்றுவிடுவார்கள். ஜூடித் மேஜைக்கு அந்தப் பக்கமும் போனார். 1993 முதல் 2001 வரை கிளின்டன் அரசில் கல்வித் துறை உதவிச் செயலாளர். பெயரைப் பார்த்துச் சின்ன உத்தியோகம் என்று நினைக்கக் கூடாது. அதிபர் நியமித்து, செனட் சபை ஒப்புதல் தர வேண்டிய பதவி அது. சிறப்புக் கல்வியும் மறுவாழ்வும் அவர் பொறுப்பு. கீழ்த்தளத்துத் தனி வகுப்பில் படித்த பெண், நாட்டில் உள்ள அப்படிப்பட்ட பிள்ளைகள் எல்லோருக்குமான கல்வித் திட்டத்தை நடத்தினார்.

2002 முதல் 2006 வரை உலக வங்கியில் ஆலோசகர். 2010 முதல் 2017 வரை வெளியுறவுத் துறையில் சர்வதேச மாற்றுத்திறனாளர் உரிமைக்கான சிறப்பு ஆலோசகர். இங்கே ஒரு தோல்வியையும் பதிவு செய்ய வேண்டும். ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளர் உரிமை ஒப்பந்தத்தை அமெரிக்கா ஏற்க வேண்டும் என்று அவர் பாடுபட்டார். 2012 டிசம்பரில் செனட் சபையில் 61 பேர் ஆதரித்தும், 38 பேர் எதிர்த்ததால் மூன்றில் இரண்டு பங்கு சேரவில்லை. அதே ஒப்பந்தத்தை இந்தியா 2007-இலேயே ஏற்றுவிட்டது.

நம் பேரேட்டில்

அப்படியானால் நாம் முந்திவிட்டோமா? கணக்கைப் பார்ப்போம். நம் நாட்டில் 1995-இல் சட்டம் வந்தது. அதில் கட்டடங்களுக்கும் சாலைகளுக்குமான கடமைகளோடு ‘பொருளாதார சக்திக்கு உட்பட்டு’ என்று ஒரு வாலும் இருந்தது. கடன் பத்திரத்தில் ‘கையில் காசு இருந்தால் தருவேன்’ என்று எழுதினால் யார் வாங்கிக்கொள்வார்கள்? 2016-இல் புதிய சட்டம் வந்தது. 7 வகைக் குறைபாடுகள் 21 ஆயின. அரசு வேலையில் ஒதுக்கீடு 3-லிருந்து 4 சதவிகிதம் ஆயிற்று. 2011 கணக்கெடுப்பின்படியே இப்படிப்பட்டவர்கள் 2 கோடியே 68 லட்சம் பேர்.

ஆனால் பொது இடங்களில் அணுகல் வசதி பற்றிய விதி, கட்டாயமாக இல்லாமல் வெறும் பரிந்துரையாக இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8-இல் தீர்ப்பளித்தது. கட்டாய விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்கச் சொன்னது. அந்த வழக்கு 2005-இல் தொடுக்கப்பட்டது. பாருங்கள், இங்கேயும் அதே கதை. சட்டம் இருக்கிறது, விதி தள்ளாடுகிறது.

எங்கள் சமண மரபில் தானம் நான்கு. உணவு, மருந்து, சாத்திரம், அபயம். நான்கும் உயர்ந்தவை, அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தானத்தில் என்றைக்கு, எவ்வளவு என்று முடிவு செய்பவர் கொடுப்பவர். உரிமையில் அப்படி இல்லை, கேட்பவரும் தேதி சொல்லலாம். சாய்தளத்தைத் தான தர்மக் கணக்கில் எழுதியதால்தான் இத்தனை காலம் ஆயிற்று. அது கடன் கணக்கில் எழுத வேண்டிய தொகை. ஜூடித் ஹியூமன் வாழ்நாள் முழுக்கச் செய்தது இந்த ஒரு கணக்கு மாற்றம்தான்.

வெளி மாநிலத்தில் இருக்கும் நமக்குச் சங்கம்தான் ஊர். தமிழ் காதில் விழும் இடம் அது ஒன்றுதான். பொங்கல் விழாவுக்கு முன்வரிசையில் உட்கார்ந்த பெரியவர்கள் சிலரை இப்போது காண்பதில்லை. மாடிப்படி ஏற முடியவில்லை என்று சொல்லாமலே வீட்டில் இருந்துவிடுகிறார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரச் சங்கடப்பட்டு, குடும்பமே வராமல் இருப்பதும் உண்டு. வந்தால் தூக்கிவிட ஆள் இருக்கிறோம் என்று நாம் சொல்லலாம். நல்ல மனசுதான், ஆனால் அது தலையாட்டல். அடுத்த பொதுக்குழுவில் கீழ்த்தளத்தில் விழா, வாசலில் சாய்தளம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பொறுப்பாளர் பெயரும் முடிக்க வேண்டிய தேதியும் போட்டு, செயலாளர் கையெழுத்திடட்டும். அந்த அம்மையாருக்கு நாம் செய்யக்கூடிய அஞ்சலி அதுவே.