மோலியின் ஆவியும் 436 பேரும்

பொழுது சாய்ந்ததும் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரத்தில் பேய்ச் சுற்றுலா களைகட்டிவிடும். கூரையை அறுத்த சவ ஊர்திகளில் பயணிகளை ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள். மேடிசன் சதுக்கத்தை ஒட்டியுள்ள சோரல்-வீட் மாளிகையை அவர்கள் தவறவிடுவதே இல்லை. எஜமானனின் இச்சைக்கு ஆளான மோலி என்ற அடிமைப் பெண் இங்கே தூக்கில் தொங்கினாள், அவள் ஆவி இன்னும் உலவுகிறது என்பது கதை. இதைக் கேட்டு உலுக்கப்பட்ட வரலாற்றாசிரியர் டியா மைல்ஸ், மோலியைத் தேடிப் போனார். அப்படியொருத்தி அங்கே வாழ்ந்ததற்கு ஒரு சான்றும் அவருக்குக் கிடைக்கவில்லை.

சான்றில்லாத மோலிக்குக் கூட்டம் கூடுகிறது. பெயரும் வயதும் தெரிந்த வேலையும் அச்சிலேயே இருக்கிற 436 பேரைப் பற்றி எத்தனை பேர் விசாரிக்கிறார்கள்?

1733-இல் ஓகில்தோர்ப் இந்த ஊரை நிறுவியபின், ஜார்ஜியாவில் அடிமை முறைக்குச் சில ஆண்டுகள் தடையே இருந்தது. 1751-இல் அந்தத் தடை போயிற்று. நெல்லும் பருத்தியும் பணமாகக் கொட்டத் தொடங்கின.

அந்தப் பணத்தில் வாழ்ந்தவர் பியர்ஸ் மீஸ் பட்லர். தோட்டங்கள் ஜார்ஜியாவின் கடலோரத்தில், அவர் வாழ்க்கையோ பிலடெல்பியாவில். சூதாட்டமும் 1857-இன் நிதி நெருக்கடியும் கழுத்தை நெரிக்க, கடனை அடைக்கத் தம் அடிமைகளில் அந்த 436 பேரை ஏலத்தில் விற்கத் துணிந்தார். சவானாவுக்கு வெளியே டென் புரூக் குதிரைப் பந்தய மைதானத்தில், குதிரை லாயங்களில் அவர்களை அடைத்து வைத்தார்கள். வாங்க வந்தவர்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார்கள், கை கால்களை அழுத்திப் பார்த்தார்கள்.

1859 மார்ச் 2, 3. இரண்டு நாளும் மழை. வாங்க வந்தவர்போல நடித்து உள்ளே நுழைந்த நியூயார்க் டிரிப்யூன் நிருபர் மார்ட்டிமர் தாம்சன் கண்டதை எழுதியதால்தான் நமக்கு இவ்வளவும் தெரிகிறது. குடும்பங்களைப் பிரிக்க மாட்டோம் என்பது விற்றவர்கள் தந்த உறுதி. கணவன், மனைவி, சிறு பிள்ளைகள் மட்டுமே அவர்கள் கணக்கில் குடும்பம். உடன்பிறந்தோரும் வளர்ந்த பிள்ளைகளும் காதலர்களும் அதில் சேரவில்லை.

ஜெஃப்ரிக்கு வயது 23. டோர்காஸ் என்ற பெண்ணை நேசித்தான். முதலில் விலைபோன அவன், அவளையும் வாங்கிவிடும்படி புது எஜமானனிடம் மன்றாடினான். நல்ல உழைப்பாளி, ஆரோக்கியமானவள் என்று, தன் காதலியின் தகுதியைச் சந்தை மொழியிலேயே எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது அவனுக்கு. எஜமானனும் இசைந்தார். மறுநாள் டோர்காஸைத் தனியாக ஏலம் விடவில்லை; நால்வர் கொண்ட குடும்பத்தில் ஒருத்தியாக நிறுத்தினார்கள். நால்வரை வாங்க அவர் தயாரில்லை. அவள் வேறொருவருக்குப் போனாள். எந்தப் பேய்க் கதையைவிடவும் எனக்கு நெஞ்சடைப்பது இதைப் படிக்கும்போதுதான்.

ஏலத்தில் சேர்ந்த தொகை 303,850 டாலர். விற்கப்பட்ட ஒவ்வொருவர் கையிலும் பட்லர் ஒரு டாலர் வைத்தார், புத்தம் புதிய கால் டாலர் நாணயங்களாக.

அந்த இரண்டு நாட்களும் ‘கண்ணீர்க் காலம்’ என்றே நினைவில் நின்றன. நினைவுப் பலகை ஒன்றை நாட்டவே நகரத்துக்கு 2008 ஆயிற்று. விற்கப்பட்டவர்கள் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை கிடைத்ததும், அவர்களில் சிலர் பட்லரின் பழைய தோட்டங்களுக்கே திரும்பி வந்தார்கள்.